கல் எத்திசையிலிருந்து வருகிறது? தலித் வாழ்வைச் சொன்ன ஐந்து படங்களும் அவற்றின் இறுதிக் காட்சிகளும்

ஒரு திரைப்படத்தை நண்பருக்குப் பரிந்துரைக்கும்போது அதன் முடிவைச் சொல்லாமல் விடுவது வழக்கம். இக்கட்டுரை அவ்வழக்கத்தை வேண்டுமென்றே மீறுகிறது. சாதியைப் பேசும் ஒரு படம் யார் பக்கம் நிற்கிறது என்பதை அதன் இறுதிக் காட்சி பெரும்பாலும் வெளிப்படுத்திவிடும். கல்லூரித் திரைப்பட வட்டங்கள் வரிசையாகத் திரையிட்டு விவாதிக்கத்தக்க ஐந்து படங்கள், அவற்றின் முடிவுகளோடு இங்கே தொகுக்கப்படுகின்றன.

இவ்வரிசைக்கு முன்னால் நினைவுகூர வேண்டியவர் பி. கே. ரோசி. மலையாளத்தின் முதல் திரைப்படமான ‘விகதகுமாரன்’ என்னும் பேசாப்படத்தின் கதாநாயகி, தலித் பெண். ஜே. சி. டேனியல் இயக்கிய அப்படத்தில் அவர் நாயர் குலப் பெண்ணாக நடித்தார். அதைப் பொறுக்காத ஆதிக்கச் சாதியினர், திருவனந்தபுரத்தில் நடந்த திரையிடலின்போது திரையின் மீது கல்லெறிந்தனர். ரோசி ஊரைவிட்டே வெளியேற நேர்ந்தது. படச்சுருளும் இன்று எஞ்சவில்லை.

அச்சுத் கன்யா (இந்தி, 1936)
இயக்கம்: ஃபிரான்ஸ் ஆஸ்டன். தீண்டப்படாத பெண்ணான கஸ்தூரிக்கும் பிராமண இளைஞன் பிரதாப்புக்கும் இடையிலான காதலைச் சொல்லும் படம். கஸ்தூரி, பாய்ந்து வரும் ரயிலை நிறுத்த ஓடி உயிரிழக்கிறாள். காதல் கேள்விக்குள்ளாக்கிய சாதியமைப்பு அப்படியே இருக்க, அவள் மட்டும் மறைகிறாள்.

சுஜாதா (இந்தி, 1959)
இயக்கம்: பிமல் ராய். பிராமணக் குடும்பத்தில் வளரும் தலித் பெண்ணை வளர்ப்புத் தாய் முழுமனத்தோடு மகளாக ஏற்பதில்லை. அத்தாய் உயிருக்குப் போராடும்போது சுஜாதாவின் இரத்தமே பொருந்துகிறது. அதன்பின் மனம் மாறுகிறது. இரத்தத்தில் சாதியில்லை என்பது படத்தின் நற்செய்தி. ஆனால் மகள் என்று அழைக்கப்பட அவள் தன் இரத்தத்தையே கொடுக்க வேண்டியிருந்தது.

சத்கதி (இந்தி, 1981)
இயக்கம்: சத்யஜித் ராய். பிரேம்சந்தின் சிறுகதையைத் தழுவித் தூர்தர்ஷனுக்காக எடுக்கப்பட்டது. மகளின் நிச்சயத்துக்கு நாள் குறித்துத் தரக் கேட்டுச் செல்லும் துக்கி, பசியோடு விறகு பிளக்க வைக்கப்பட்டுச் சாகிறான். உடலைத் தொட விரும்பாத புரோகிதர் கயிறு கட்டி இழுத்துச் செல்கிறார். இப்படம் பார்வையாளருக்கு எவ்வித ஆறுதலையும் தருவதில்லை. அதுவே அதன் நேர்மை.

ஃபன்ட்ரி (மராத்தி, 2013)
இயக்கம்: நாகராஜ் மஞ்சுளே. பன்றி பிடிக்கும் குடும்பத்துச் சிறுவன் ஜப்யா, தான் விரும்பும் மாணவியும் பள்ளியும் பார்த்திருக்க அவமதிக்கப்படுகிறான். கேலி செய்வோர் மீது அவன் கல்லெறிகிறான். கடைசிக் கல் கேமராவை நோக்கி, அதாவது நம்மை நோக்கி வருகிறது.

பரியேறும் பெருமாள் (தமிழ், 2018)
இயக்கம்: மாரி செல்வராஜ். தன்னைக் கொல்லத் துணிந்தவர்களின் குடும்பத் தலைவரோடு சட்டக் கல்லூரி மாணவன் பரியன் நேர்நின்று பேசுகிறான். கடைசியில் எஞ்சுவது இரண்டு தேநீர்க் குவளைகளும் நடுவில் ஒரு மல்லிகைப் பூவும். இரட்டைக் குவளையின் கொடுமையை அறிந்த மண்ணில் இக்காட்சிக்கு விளக்கவுரை தேவையில்லை. சமரசம் நிகழ்ந்துவிட்டதென்று படம் பொய் சொல்லவுமில்லை.

முதல் மூன்று படங்களில், பிறர் மனசாட்சியைத் தொட ஒடுக்கப்பட்டவர் உயிரையோ இரத்தத்தையோ தர வேண்டியிருக்கிறது. அவ்வாழ்வுக்குள்ளிருந்து வந்த இயக்குநர்கள் எடுத்த பிந்தைய இரண்டிலும் அவர் உயிரோடு நின்று கேள்வி கேட்கிறார். ரோசியின் காலத்தில் திரையை நோக்கிச் சென்ற கல், ஜப்யாவின் கையால் திரையிலிருந்து திரும்பி வருகிறது.

ஆயினும் இவ்வரிசையில் ஓர் இடம் காலியாகவே உள்ளது. தலித் பெண்களாக நடித்த தேவிகா ராணியும் நூதனும் தலித்துகள் அல்லர். சுஜாதா வேடத்துக்காக நூதன் ஃபிலிம்ஃபேர் விருதும் பெற்றார். நாயர் பெண்ணாக நடித்த தலித் பெண்ணுக்கோ கல்லடி கிடைத்தது. பிந்தைய இரு படங்களிலும் கதையின் மையம் ஆணே. ஆகவே திரையிடலுக்குப் பின் இரு கேள்விகளைத் தவறாமல் எழுப்புங்கள்: பிறர் மனம் மாற இவர் எதை இழக்க வேண்டியிருந்தது? இக்கதையை ஒரு தலித் பெண் சொல்லியிருந்தால் எங்கே முடித்திருப்பார்?