கோர்ட் ஏலத்தில் வாங்கிய வீடும் வாடகைக் கணக்கும்

கடனைக் கட்டவில்லை என்று ஒருவருடைய வீட்டைக் கோர்ட் ஏலம் விடுகிறது. இன்னொருவர் முழுப் பணத்தையும் கட்டி எடுக்கிறார். இரண்டு வருஷம் குடியிருக்கிறார். அப்புறம் அப்பீலில், "அந்தக் கடன் தீர்ப்பே செல்லாது" என்று வந்துவிடுகிறது. இப்போது வீட்டைத் திருப்பித் தர வேண்டுமா? தந்தால், குடியிருந்த இரண்டு வருஷத்துக்கு வாடகையும் கட்ட வேண்டுமா?

இந்தியாவில் இதற்கான விடை தெளிவாக நூறு வருஷத்துக்கு மேல் ஆனது.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஜனவரி 1 ஏலம். ஜூலை 1 கோர்ட் அதை உறுதி செய்கிறது. மாத வாடகை 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இடையில் வந்த 60,000 ரூபாய் யாருக்கு? 1882-ஆம் வருஷத்து சிவில் நடைமுறைச் சட்டப்படி, ஏலம் உறுதியான தேதியிலிருந்துதான் சொத்து வாங்கியவருடையது. ஆகவே பணம் பழைய சொந்தக்காரருக்கு. 1908-ல் வந்த புதிய சட்டம் இதை மாற்றியது. அதன் 65-வது பிரிவுப்படி, ஏலம் உறுதியாகிவிட்டால் ஏலம் நடந்த நாளிலிருந்தே சொத்து வாங்கியவருடையது. அதே 60,000 இப்போது அவர் பக்கம் வந்துவிட்டது.

இது வாங்கியவரின் உரிமை. அவருடைய பொறுப்பு என்ன?

அதே சட்டத்தின் 144-வது பிரிவு அதைச் சொல்கிறது. தீர்ப்பு ரத்தானால், அது வராமலே இருந்திருந்தால் ஒருவர் எந்த நிலையில் இருப்பாரோ, அந்த நிலைக்கு அவரைக் கொண்டுவர வேண்டும். வீட்டுச் சாவியை மட்டும் நீட்டினால் போதாது, 'மீன் பிராஃபிட்ஸ்' கட்ட வேண்டும். இது குழம்பில் போடுகிற மீன் இல்லை :-) 'இடைப்பட்ட' என்று பொருள் தரும் பழைய பிரெஞ்சுச் சொல். கையில் வாங்கிய வாடகை மட்டுமல்ல, சாதாரண அக்கறையோடு இருந்தால் எவ்வளவு வாங்கியிருக்கலாமோ அதுவும் வட்டியோடு கணக்கில் வரும். "பூட்டித்தான் வைத்திருந்தேன்" என்று தப்பிக்க முடியாது. ஆனால் அவர் செலவு செய்து வீட்டை மேம்படுத்தியதால் கிடைத்த கூடுதல் வருமானம் சேராது.

சரி, யார் வாங்கினாலும் இதே விதிதானா? இல்லை.

1887-ல் லண்டன் பிரிவி கவுன்சில் ஒரு கோடு போட்டது. கடன் தீர்ப்பைப் பெற்றவரே ஏலத்தில் எடுத்திருந்தால், தீர்ப்பு மாறும்போது சொத்தைத் திருப்பித் தர வேண்டும். வழக்கோடு சம்பந்தமே இல்லாத மூன்றாம் மனிதர் நல்லெண்ணத்தோடு வாங்கியிருந்தால் அவருக்குப் பாதுகாப்பு உண்டு. காரணம் எளிது. அந்தப் பாதுகாப்பு இல்லாவிட்டால் கோர்ட் ஏலத்துக்கு ஆள் வராது, விலை விழும், கடைசியில் நஷ்டம் கடன்பட்டவருக்கும்தான்.

இந்த விதியின் இன்னொரு முகம் 1966-ல் தெரிந்தது. பஞ்சாப் வழக்கு ஒன்றில், 519 ரூபாய்க்கான ஒருதலைத் தீர்ப்புக்காக ஒரு வீடு 5,100 ரூபாய்க்கு ஏலம் போனது. ஏலம் உறுதியாகும் முன்பே அந்தத் தீர்ப்பு ரத்தானது. ஆனாலும் வாங்கியவர் மூன்றாம் மனிதர் என்பதால் ஏலத்தை உறுதி செய்தே ஆக வேண்டும் என்றது சுப்ரீம் கோர்ட். வாடகை கேட்கும் பேச்சுக்கே இடமில்லாமல் போயிற்று. தீர்ப்பு போனது, வீடும் போனது!

1990-ல் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன வழக்கில் இந்தப் பாதுகாப்புக்கு ஓர் எல்லை வந்தது. அப்பீல் நிலுவையில் இருப்பது தெரிந்தே ஏலம் எடுத்தவரை, மூன்றாம் மனிதர் என்பதற்காக மட்டும் காப்பாற்ற முடியாது என்றது சுப்ரீம் கோர்ட். தெரிந்து வாங்கியவர் திருப்பித் தர வேண்டியவர்தான்.

ஆக, வாடகைப் பொறுப்பைத் தீர்மானிப்பது எத்தனை நாள் குடியிருந்தார் என்பது மட்டுமல்ல. அவர் யார், ஏலம் கேட்டபோது அவருக்கு என்ன தெரியும் என்பதும்தான். பேலன்ஸ் ஷீட்டுக்குக் கீழே 'கன்டின்ஜென்ட் லயபிலிட்டி' எழுதிப் பழகியவர்களுக்கு இது சட்டென்று புரியும். கோர்ட் ஏலத்தில் வீடு மலிவாகக் கிடைக்கிறதே என்று கை தூக்குமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "அப்பீல் ஏதாவது நிலுவையில் இருக்கிறதா?"