கணினி சொல்வதை மருத்துவர்கள் ஏற்பதும் மறுப்பதும் ஏன்?

சர்க்கரை நோய் விழித்திரையைப் பாதிக்கும்போது ஆரம்பத்தில் வலியோ மங்கலோ தெரிவதில்லை. தெரியவரும்போது பலருக்குப் பார்வை பறிபோயிருக்கும். அலங்காநல்லூர் போன்ற ஊர்களில் உள்ள சர்க்கரை நோயாளிகள் அனைவரின் விழித்திரைப் படங்களையும் பார்த்துச் சொல்லும் அளவுக்கு நம்மிடம் கண் மருத்துவர்கள் இல்லை. எனவேதான் கணினியின் துணை நாடப்படுகிறது.

1976ஆம் ஆண்டு மதுரையில் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இதில் முன்னோடி. விழித்திரைப் படத்தைப் பார்த்துப் பாதிப்பைக் கணிக்கும் கூகுளின் மென்பொருள், அரவிந்திலும் சங்கர நேத்ராலயாவிலும் 3,049 நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டது. அதன் கணிப்பு மனிதர்களின் கணிப்புக்கு ஈடாகவோ மேலாகவோ இருந்ததாக 2019இல் வெளியான ஆய்வு கூறுகிறது.

அப்படியானால் மருத்துவர்கள் உடனே ஏற்றுக்கொள்வார்களா? துல்லியம் மட்டும் போதாது என்பதே அனுபவம். 1970களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் உருவாக்கிய 'மைசின்', ரத்தத் தொற்றுக்கு மருந்து பரிந்துரைப்பதில் நிபுணர்களுக்கு இணையாக இருந்தது. ஆனாலும் நோயாளிகளின் சிகிச்சையில் அது பயன்பாட்டுக்கு வரவே இல்லை.

மருத்துவர்கள் மறுப்பதற்கான காரணங்கள்:

• கேள்விகளுக்கெல்லாம் பதில் தட்டச்சு செய்ய நேரமில்லை.
• எச்சரிக்கைகள் அளவுக்கு மீறி வருகின்றன. மருந்து எச்சரிக்கைகளில் 49 முதல் 96 சதவீதம் வரை புறக்கணிக்கப்படுவதாக 2006இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு காட்டியது.
• முடிவைச் சொல்லும் கணினி காரணத்தைச் சொல்வதில்லை.
• தவறு நேர்ந்தால் பதில் சொல்ல வேண்டியவர் மருத்துவரே.

இடமும் முக்கியம். கூகுளின் அதே முயற்சி தாய்லாந்தில் 11 மருத்துவ நிலையங்களுக்குச் சென்றபோது, முதல் ஆறு மாதங்களில் 1,838 படங்களில் 21 சதவீதத்தைத் தெளிவில்லை என்று கணினி ஒதுக்கியது. போதிய இருட்டு இல்லாத அறை, மெதுவான இணையம் ஆகியவை சிக்கலாயின. படம் ஒதுக்கப்பட்டவர்களை வேறு ஊருக்கு அலையவிட வேண்டியிருந்ததால் செவிலியர்கள் சலிப்படைந்தனர்.

அரவிந்திலோ, பயிற்சி பெற்ற பணியாளர் ஓரிடத்தில் எடுக்கும் படத்தை மருத்துவர் வேறோர் இடத்திலிருந்து பார்ப்பது முன்பே வழக்கத்தில் இருந்தது. இருக்கும் வேலையில் ஒரு சுமையைக் குறைப்பதாகக் கருவி வந்தால், சிகிச்சை முடிவும் மருத்துவரிடமே இருந்தால், ஏற்பது எளிதாகிறது.

நாம் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. சர்க்கரை நோய் இருந்தால், பார்வை நன்றாக இருந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரையைப் பரிசோதித்துக்கொள்வோம். படத்தைக் கணினி பார்த்ததா, மருத்துவரும் பார்த்தாரா என்று தயங்காமல் கேட்போம்.