இந்தியாவில் வாகனப் பதிவுச் சான்றும் பெயர் மாற்றமும்

வாகனப் பதிவுச் சான்று என்பது ஒரு மோட்டார் வாகனம் யார் பெயரில், எந்த எண்ணில் அரசுப் பதிவேட்டில் உள்ளது என்பதைக் காட்டும் ஆவணம். தமிழகத்தில் இது 'ஆர்.சி. புக்' என்று அறியப்படுகிறது. புத்தகம் அட்டையாக மாறிய பின்னரும் அந்தப் பெயரே வழக்கில் உள்ளது. வாகனம் கை மாறும்போது பதிவேட்டில் பெயரும் மாறவேண்டும். அது மாறாமல் விடுபடுவதும் தவறாகப் பதிவாவதும் நீண்டகாலச் சிக்கல்கள். எழுத்தரின் கைப்பிழை மட்டுமே இவற்றுக்குக் காரணம் அல்ல. வாகனத்தின் உரிமையாளர் யார் என்ற கேள்விக்கு இரண்டு சட்டங்கள் இரண்டு விடைகளைத் தருவதே முதன்மையான காரணம்.

தொடக்கக் காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மோட்டார் கார்கள் இந்திய நகரங்களுக்கு வந்தன. முதலில் மாகாணங்கள் தனித்தனியே விதிகளை வகுத்தன. நாடு முழுவதற்குமான இந்திய மோட்டார் வாகனச் சட்டம் 1914இல் இயற்றப்பட்டது. அக்காலப் பதிவின் முதன்மை நோக்கம் அடையாளம் காண்பதே. சாலையில் ஒரு வண்டி யாரையாவது மோதிவிட்டால், எண்ணைக் கொண்டு அதற்குப் பொறுப்பானவரைக் கண்டுபிடிக்கவேண்டும். விற்றவர், வாங்கியவர் இடையேயான உரிமையை நிலைநாட்டுவதற்கான ஏற்பாடாக அது உருவாகவில்லை.

வாகன விற்பனை 1930ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டத்தின் கீழ் வருகிறது. நிலத்துக்கும் வாகனத்துக்கும் உள்ள வேறுபாடு இங்கே தெரியும். 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள நிலத்தை விற்கப் பதிவு செய்யப்பட்ட பத்திரம் தேவை என்று 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம் கூறுகிறது. பத்திரம் பதியாமல் அந்த விற்பனை நிறைவு பெறாது. வாகனமோ அசையும் பொருள். விலையைக் கொடுத்து, வண்டியைப் பெற்றுக்கொண்டால் விற்றவருக்கும் வாங்கியவருக்கும் இடையே விற்பனை முடிந்துவிடும். பதிவேட்டில் பெயர் மாறுவது அதற்குப் பிறகு நடக்கும் தனிச் செயல். இவ்விரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் பெரும்பாலான வழக்குகள் பிறந்தன.

1939ஆம் ஆண்டின் சட்டம்

1914ஆம் ஆண்டின் சட்டத்துக்கு மாற்றாக 1939இல் விரிவான மோட்டார் வாகனச் சட்டம் வந்தது. உரிமை மாற்றத்தைப் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்கும் கடமையை அதன் 31ஆம் பிரிவு விதித்தது. மூன்றாம் நபர் காப்பீட்டைக் கட்டாயமாக்கும் பகுதி 1946 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. விபத்தில் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு கொடுக்கவேண்டியவர் யார் என்பது அதன் பின் இன்னும் முக்கியமான கேள்வியாயிற்று.

ஆனால் இச்சட்டம் 'உரிமையாளர்' என்ற சொல்லை முழுமையாக விளக்கவில்லை. வாகனத்தை வைத்திருப்பவர் சிறாராக இருந்தால் அவருடைய காப்பாளரும், தவணை முறையில் வாங்கிய வாகனமாக இருந்தால் அதை வைத்திருப்பவரும் உரிமையாளர் என்று மட்டுமே கூறியது. விற்ற பின்னும் பழைய பெயரே பதிவேட்டில் நின்றால் யார் உரிமையாளர் என்பதை நீதிமன்றங்கள் முடிவு செய்யவேண்டியிருந்தது. 1939ஆம் ஆண்டின் சட்டக் காலத்தில் நடந்த ஒரு விபத்து பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2001இல் தீர்ப்பளித்தது. பணம் கொடுத்து வண்டியை ஒப்படைத்தால் உரிமை மாறலாம். ஆனாலும் பதிவேட்டில் பெயர் உள்ளவரை, மூன்றாம் நபருக்கு அந்தப் பெயருக்கு உரியவர் பொறுப்பாவார் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

1988ஆம் ஆண்டின் சட்டம்

இப்போது நடைமுறையில் உள்ள 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 1989 ஜூலை 1 முதல் செயல்படுகிறது. யார் பெயரில் வாகனம் பதிவாகியுள்ளதோ அவரே உரிமையாளர் என்று இதன் 2(30) பிரிவு வெளிப்படையாக வரையறுத்தது. தவணைக் கொள்முதல், அடமானம் போன்ற ஒப்பந்தங்களில் மட்டும் வாகனத்தை வைத்திருப்பவர் உரிமையாளராகக் கொள்ளப்படுவார்.

பெயர் மாற்றத்துக்கான காலக்கெடுக்களை 50ஆம் பிரிவு கூறுகிறது. ஒரே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாட்களுக்குள் தெரிவிக்கவேண்டும். வேறு மாநிலத்துக்கு விற்றால் தடையில்லாச் சான்றுடன் 45 நாட்களுக்குள் தெரிவிக்கவேண்டும். வாங்கியவருக்கு 30 நாட்கள். கடமை இருவருக்கும் உண்டு என்பது கவனிக்கத்தக்கது. 'வாங்கினவர் மாற்றிக்கொள்வார்' என்று விற்றவர் இருந்துவிட்டால் அவருடைய பொறுப்பு நீங்குவதில்லை.

இதன் விளைவை 2018ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று காட்டுகிறது. 2007இல் விற்கப்பட்ட ஒரு கார் பின்னர் பல கை மாறியது. பதிவேட்டிலோ முதல் உரிமையாளரின் பெயரே நின்றது. 2009இல் அக்கார் மோதி ஒருவர் உயிரிழந்தார். அப்போது காரை வைத்திருந்தவரே இழப்பீடு தரவேண்டும் என்ற உயர் நீதிமன்றத்தின் முடிவை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. பதிவேட்டில் பெயர் உள்ளவரே பொறுப்பாளி என்றது. பாதிக்கப்பட்டவர்கள் ஒவ்வொரு விற்பனையாகத் தேடி அலையவேண்டிய நிலை கூடாது என்பது அத்தீர்ப்பின் அடிப்படை.

பிழைகளின் வகைகள்

ஆவணக் குறைகளில் முதலாவது, பெயர் மாற்றமே செய்யாமல் விடுவது. படிவம் 29, படிவம் 30 ஆகியவற்றில் விற்றவர் கையெழுத்து மட்டும் இட்டு, வாங்குபவரின் பெயரையும் தேதியையும் நிரப்பாமல் கொடுக்கும் வழக்கம் பழைய வண்டிச் சந்தையில் பரவலாக இருந்தது. இடைத்தரகர் அதே படிவத்தை அடுத்தடுத்த வாங்குபவர்களுக்குக் கைமாற்றுவார். சட்டத்தின் பார்வையில் விற்றவரே உரிமையாளராகத் தொடர்வார்.

இரண்டாவது, கடன் குறிப்பு. தவணையில் வாங்கிய வாகனத்தின் சான்றில் கடன் கொடுத்தவரின் பெயரும் பதிவாகும். கடனை அடைத்தாலும் அக்குறிப்பு தானாக நீங்காது. கடன் கொடுத்தவரும் உரிமையாளரும் கையெழுத்திட்ட படிவம் 35ஐ அளித்தே நீக்கவேண்டும். இதை மறந்தவர்களுக்கு வண்டியை விற்கும்போதுதான் சிக்கல் தெரியவரும்.

மூன்றாவது, எண் பிழை. ஒவ்வொரு வாகனத்துக்கும் என்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் உண்டு. சேசிஸ் எண் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படியெடுத்துச் சரிபார்ப்பது பதிவு அலுவலகங்களின் பழைய முறை. இன்றைய 17 இலக்க அடையாள எண்ணில் ஆங்கில எழுத்துகளான ஐ, ஓ, க்யூ மூன்றும் இடம்பெறாது. 1, 0 ஆகிய எண்களோடு குழம்பாமலிருக்கப் பன்னாட்டுத் தரம் அவற்றை விலக்கியது. சான்றிலுள்ள எண்ணும் வாகனத்தில் பொறித்த எண்ணும் வேறுபட்டால், உரிமையாளரின் விளக்கத்தைக் கேட்ட பின் பதிவையே ரத்து செய்ய 55ஆம் பிரிவு இடமளிக்கிறது. ஆகவே ஒரு இலக்கப் பிழையும் சிறிய பிழை அன்று.

நான்காவது, பெயர் எழுதும் முறையில் வரும் வேறுபாடு. தமிழ்ப் பெயர்களில் தந்தையின் பெயர் முதலெழுத்தாக முன்னே நிற்கும். சில ஆவணங்களில் அதுவே விரிந்து குடும்பப் பெயர் போலப் பின்னே வரும். 'ழ'கர, 'த'கர ஒலிகள் ஆங்கில எழுத்தில் பலவாறு எழுதப்படுகின்றன. இதனால் ஒருவரின் ஆதார் அட்டை, காப்பீட்டுப் பத்திரம், பதிவுச் சான்று மூன்றிலும் மூன்று பெயர்கள் அமைந்துவிடுகின்றன.

திருத்தும் வழிகள்

பிழைகளைத் திருத்தும் அதிகாரம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திடம் உள்ளது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் ஒவ்வொரு தேவைக்கும் தனிப் படிவத்தை வகுத்துள்ளன. சான்று தொலைந்தால் படிவம் 26, வேறு மாநிலத்துக்குச் செல்லத் தடையில்லாச் சான்று பெறப் படிவம் 28, முகவரி மாற்றத்துக்குப் படிவம் 33. எழுத்துப் பிழை என்றால் அது எங்கே நேர்ந்தது என்பதை முதலில் அறியவேண்டும். படிவம் 21இலுள்ள விற்பனைச் சான்றிலேயே பிழை இருந்தால் விற்பனையாளரிடம் அதைத் திருத்திப் பெறவேண்டும். அது சரியாக இருந்து பதிவில் மட்டும் பிழை என்றால், அந்தச் சான்றே பதிவு அலுவலகத்தில் காட்டவேண்டிய ஆதாரம்.

உரிமையாளர் இறந்தால் 30 நாட்களுக்குள் அலுவலகத்துக்குத் தெரிவித்துவிட்டு, வாரிசு அவ்வாகனத்தை மூன்று மாதம் வரை பயன்படுத்தலாம். அதற்குள் படிவம் 31இல் தம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்கவேண்டும். பதிவுச் சான்றில் நியமனதாரர் பெயரைச் சேர்க்கும் வசதி 2021இல் வந்தது.

காப்பீட்டையும் தனியே கவனிக்கவேண்டும். 157ஆம் பிரிவின்படி மூன்றாம் நபர் காப்பீடு வாங்கியவர் பெயருக்கு மாறியதாகவே கொள்ளப்படும். ஆனால் வாங்கிய வண்டிக்கே நேரும் சேதத்துக்கு அப்பிரிவு பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. அதற்குக் காப்பீட்டு நிறுவனத்திடம் தனியே பெயர் மாற்றிக்கொள்ளவேண்டும்.

கணினிமயமும் புதிய விதிகளும்

பதிவேடுகள் தேசியத் தகவலியல் மையத்தின் 'வாகன்' மென்பொருளுக்கு மாறியதால், வாகனத்தின் பதிவு விவரத்தை எவரும் எண்ணைக் கொண்டு பார்க்கமுடிகிறது. கையால் எழுதிய பழைய ஏடுகளைக் கணினியில் ஏற்றியபோது சில பிழைகளும் சேர்ந்தே ஏறின. பழைய வாகனம் வாங்குபவர்கள் கையிலுள்ள சான்றோடு கணினிப் பதிவையும் ஒப்பிட்டுப் பார்ப்பது இதனால் தேவையாகிறது.

இடைத்தரகர் கையில் வண்டி இருக்கும் காலத்துக்கு யார் பொறுப்பு என்ற பழைய கேள்விக்கு 2022 டிசம்பரில் வெளியான திருத்த விதிகள் விடை தர முயன்றன. 2023 ஏப்ரல் 1 முதல் இவை நடைமுறையில் உள்ளன. பழைய வாகன வணிகர்கள் பதிவு அலுவலகத்திடம் அங்கீகாரம் பெறவேண்டும். வண்டியை ஒப்படைத்ததை உரிமையாளர் மின்வழியில் தெரிவித்த பின், அந்த வணிகரே உரிமையாளராகக் கருதப்படுவார். அங்கீகாரம் இல்லாத தரகர் வழியாகவோ, தெரிந்தவருக்கு நேரடியாகவோ நடக்கும் விற்பனையில் இந்தப் பாதுகாப்பு இல்லை. அங்கே 50ஆம் பிரிவின் பழைய கடமையே தொடர்கிறது. பதிவேட்டில் பெயர் மாறும் நாள் வரை விற்றவரே சட்டப்படி உரிமையாளர்.