ஏரிக்கரையில் பெண்ணுக்குப் பெயர்

சென்னையிலிருந்து கூடூருக்குச் செல்லும் இருப்புப் பாதையில் ஆரம்பாக்கத்தைத் தாண்டினால் அடுத்தது தடா. அங்கே தெலுங்கு ராஜ்யம் ஆரம்பித்துவிடுகிறது. 1953-இல் ஆந்திரம் பிரிந்தபோது பழவேற்காட்டு ஏரியின் பெரும்பகுதி அதன் பங்குக்குப் போயிற்றெனினும், கரைக் குப்பங்களின் கொள்வினை கொடுப்பினை எல்லைக்கல்லைக் கண்டு நின்றதில்லையாதலால், இங்கே பெண் குழந்தைக்கு நாமகரணம் செய்வது இரண்டு பாஷைகளையும் உத்தேசித்துச் செய்யவேண்டிய காரியமாயிற்று.

முதற்பெண்ணுக்குத் தந்தையைப் பெற்றவள் பெயரை இடுவது பழைய சம்பிரதாயம். ஆலோசனைக்கு இடமில்லை; கிழவியின் மனமும் குளிரும். அசௌகரியமெல்லாம் பெற்றவளுக்குத்தான். மாமியார் பெயரை வாயால் உச்சரிக்கலாகாது என்னும் கட்டுக்குள் வாழ்கிற மருமகள், அதே பெயரைத் தாங்கிய மகளை எவ்வாறு கூப்பிடுவாள், அதைவிட முக்கியமாக, எவ்வாறு திட்டுவாள்? ஆகவே இப்பக்கம் 'பாப்பா' என்றும், அப்பக்கம் 'அம்மாயி' என்றும் வீட்டுப் பெயரொன்று தோன்றி, இட்ட பெயரை விழுங்கிவிட்டது.

சுள்ளூர்ப்பேட்டைச் செங்காளம்மனை நினைந்து இடும் செங்கம்மாவுக்கு இந்தச் சங்கடமில்லை. இரு பாஷைக்காரருக்கும் அது சொந்தம். கரையிலிருந்து கூவினால் ஈற்றிலுள்ள 'மா' ஏரிக்காற்றில் நெடுந்தூரம் செல்லும் என்பது என் சொந்த அபிப்பிராயம். ஆனால் ஒரே தெருவில் நான்கு செங்கம்மாக்கள் சேர்ந்துவிட்டால் 'நெட்டை', 'குட்டை' என்னும் அடைமொழிகள் ஆயுள் முழுதும் ஒட்டிக்கொள்ளும்.

பிள்ளைகள் தங்காத வீட்டில் குப்பம்மாள், பிச்சையம்மாள் என்று இட்டது, யமனும் விரும்பாத பொருளாகக் குழந்தையைக் காட்டும் தந்திரம். அவ்விழிவுக்குள் வாஞ்சை இருந்தது. 'போதும்பொண்ணு' அத்தகையதன்று. ஏரியில் இறால் வலையிடும் இடங்களை முறைவைத்துப் பங்கிடும் 'பாடு' ஆண்மக்களுக்கே உரியதாகையால், அடுத்தடுத்துப் பெண்ணே பிறந்த வீட்டில் தகப்பனின் கணக்கு இவ்வாறு குழந்தையின் பெயராக வெளிப்பட்டது. திருத்தணிப் பக்கத்து நாராயணபுரத்தில் 'வேண்டாம்' என்றே பெண்களுக்குப் பெயரிட்டிருக்கிறார்கள். மராட்டிய நாட்டுச் சாதாராவில் 'நகுசா', அதாவது வேண்டாதவள், என்னும் பொருளில் பெயர் பெற்ற 285 பெண்களுக்கு 2011-இல் அரசாங்கமே விழா வைத்துப் புதுப்பெயர் சூட்டிற்று. அடுத்தது ஆண் பிறக்கும் என்பதே இப்பெயரின் பிரயோஜனமாகச் சொல்லப்பட்டது. அந்தப் பிரயோஜனத்திற்கு விலை கொடுத்தவள், பள்ளிக்கூடத்தில் வருகை வாசிக்கப்படுந்தோறும் எழுந்து நின்ற சிறுமி.

சென்னை மாகாணத்தின் 1899-ஆம் வருஷத்துப் பிறப்பு இறப்புச் சட்டம் வந்தபோதும், வாயில் வழங்கும் பெயரும் ஏட்டில் ஏறும் பெயரும் ஒன்றாகிவிடவில்லை. 1969-ஆம் வருஷத்துச் சட்டமோ, பெயரின்றியே பிறப்பைப் பதிந்து பின்னர்ப் பெயரைச் சேர்க்கவும் வழிவிட்டிருக்கிறது. இப்பக்கத்தில் தகப்பனின் முதலெழுத்து பெயருக்கு முன்னே நிற்க, அப்பக்கத்தில் 'இண்டிபேரு' என்னும் குடும்பப் பெயர் நிற்கும். எல்லை தாண்டி வாழ்க்கைப்பட்டவளுக்கு இரண்டும் வந்து சேரும். தாலுகா கச்சேரியில் குமாஸ்தா அவள் பெயரென்ன என்று வினவினால் துணைக்கு வந்த தம்பி முந்திக்கொண்டு பதில் சொல்கிறான். அவன் வாயில் வருவது 'பாப்பா'.