ராமநாதன் கிருஷ்ணன்

ராமநாதன் கிருஷ்ணன் (பிறப்பு: 11 ஏப்ரல் 1937, நாகர்கோவில்) விம்பிள்டன் ஒற்றையர் அரையிறுதியில் இருமுறை ஆடிய இந்திய டென்னிஸ் வீரர். பரிசுப்பணம் வாங்காத அமெச்சூர் ஆட்டக்காரராகவே தம் சிறந்த ஆண்டுகளைக் கழித்தவர்.

குடும்பம் தென்காசியைச் சேர்ந்தது. தந்தை டி.கே. ராமநாதனே பயிற்சியாளர். 1954இல் ஆஷ்லி கூப்பரை வென்று விம்பிள்டன் சிறுவர் பட்டம் பெற்றார். அப்பட்டம் பெற்ற முதல் ஆசியர் இவர்.

இவருடைய சர்வீஸ் யாரையும் மிரட்டியதில்லை. பந்தை எங்கே வைப்பது என்பதில்தான் கெட்டிக்காரத்தனம் எல்லாம். 1959 டேவிஸ் கோப்பையில் ராட் லேவரை நான்கு செட்டில் வென்றார். அதே ஆண்டு, தொழில்முறை ஆட்டங்களை நடத்திவந்த ஜாக் கிரேமர் மூன்றாண்டு ஒப்பந்தத்துக்கு ஒன்றரை லட்சம் டாலர் தர முன்வந்தார். அன்றைக்கு அது பெருந்தொகை. ஆனால் கையெழுத்திட்டவருக்கு விம்பிள்டனும் கிடையாது, டேவிஸ் கோப்பையும் கிடையாது. கிருஷ்ணன் மறுத்துவிட்டார், தொழில்முறை வீரர்களுக்கு விம்பிள்டன் கதவு திறந்தது 1968இல்தான்.

1960 அரையிறுதியில் நீல் ஃப்ரேசரிடம் தோற்றார். 1961 காலிறுதியில் ராய் எமர்சனை நேர் செட்களில் வீழ்த்தி, அரையிறுதியில் லேவரிடம் தோற்றார். வென்ற இருவருமே அந்தந்த ஆண்டின் சாம்பியன்கள். 1962இல் நான்காம் தரவரிசை கிடைத்தும், கணுக்கால் காயத்தால் பாதியில் விலக நேர்ந்தது. தரவரிசைப்படி அதுவே இவருக்கு நல்ல வாய்ப்பு.

ஆனாலும் ரசிகர்கள் இன்றும் பேசுவது 1966ஆம் ஆண்டுக் கல்கத்தா ஆட்டத்தை. டேவிஸ் கோப்பையில் பிரேசிலுடன் 2–2 என்ற நிலை. கடைசி ஆட்டத்தில் தாமஸ் கோச் இரண்டு செட்டுக்கு ஒன்று என முன்னிலை. நான்காவது செட்டிலும் 5–2. அங்கிருந்து வரிசையாக ஐந்து கேம்களை எடுத்து 7–5 என முடித்தார் கிருஷ்ணன்; ஐந்தாவது செட் 6–2. இந்தியா முதன்முறையாக இறுதிக்குச் சென்றது. மெல்போர்னில் ஆஸ்திரேலியா 4–1 என வென்றது. அந்த ஒற்றை வெற்றி, நியூகோம்ப்–ரோச் இணைக்கு எதிராகக் கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் ஈட்டியது.

அர்ஜுனா விருது (1961), பத்மஸ்ரீ (1962), பத்மபூஷண் (1967) பெற்றார். பிற்காலத்தில் சென்னையில் சமையல் எரிவாயு முகமை நடத்தினார். மகன் ரமேஷ் 1979இல் விம்பிள்டன் சிறுவர் பட்டம் வென்றார். 1987இல் டேவிஸ் கோப்பை இறுதியிலும் ஆடினார்.