பெயர் மாறிய ழகரம்

பெங்களூரில் வளரும் நம் பிள்ளைகள் பள்ளியில் கன்னடம் படிக்கிறார்கள். மழைக்கு ‘மளெ’ என்றும், ஏழு என்ற எண்ணுக்கு ‘ஏளு’ என்றும் எழுதுகிறார்கள். ஒரு நாள் என் மகள், “ஏம்ப்பா, கன்னடத்துல நம்ம ‘ழ’ கிடையவே கிடையாதா?” என்று கேட்டாள். “இல்லம்மா” என்று சட்டென்று சொல்லிவிட்டேன். சொன்னது தவறு என்று பிறகுதான் தெரிந்தது.

பழங்கன்னடத்தில் ழகரம் இருந்தது. அதற்கென்று தனி வடிவமும் உண்டு. அன்று ‘மழெ’, ‘ஏழு’ என்றுதான் எழுதினார்கள். ‘ஹளகன்னடம்’ என்ற பெயரிலுள்ள ‘ஹள’ கூட நம்முடைய ‘பழ’ தான். பகரம் ஹகரமாகவும், ழகரம் ளகரமாகவும் திரிந்தன. 13ஆம் நூற்றாண்டில் ‘சப்தமணிதர்ப்பணம்’ என்னும் கன்னட இலக்கணம் இயற்றிய கேசிராஜர், ரள, குள, க்ஷள என்று பிரித்துக் காட்டுகிறார். அவற்றில் ‘ரள’ என்பதே ழகரம். பேச்சில் மறைந்துவிட்ட ஒலியைக் காப்பாற்ற இலக்கணம் தேவைப்பட்டது போலும். தெலுங்கும் ஒரு காலத்தில் ழகரம் வைத்திருந்த மொழிதான். இன்று அங்கே ஏழு, ‘ஏடு’ ஆகிவிட்டது.

இனிக் கணினிக்கு வருவோம். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் ஆளுக்கொரு எண் கொடுக்கும் ஏற்பாடு யூனிகோடு. இந்திய மொழிகளுக்கு ‘இஸ்கி’ என்ற நம் நாட்டுத் தரத்தைப் பின்பற்றி, மொழிக்கு 128 இடங்கள் ஒதுக்கினார்கள். ஒரே ஒலிக்கு எல்லா மொழியிலும் ஒரே வரிசை இடம். தொடக்கத்திலிருந்து 52 தள்ளி இருப்பது ழகரத்தின் வீடு. தமிழில் அதன் எண் 2996, மலையாளத்தில் 3380. கன்னடத்தில் 3252 ஆக இருந்திருக்க வேண்டும். அந்த வீடு இன்றும் காலியாகவே கிடக்கிறது!

அப்படியானால் கன்னட ழகரம் எங்கே போனது? 3294ஆம் எண்ணில் உட்கார்ந்திருக்கிறது. பெயர்ப்பலகையில் இருப்பதோ ‘கன்னட எழுத்து ஃபா’. கன்னடத்தில் அப்படி ஒரு தனி எழுத்தே இல்லை. தேவநாகரித் தொகுதியில் இதே வரிசை இடத்தில் இருப்பது இந்தி ‘ஃபா’. இடத்தைப் பார்த்துப் பெயர் வைத்துவிட்டார்களோ என்று எனக்குத் தோன்றுகிறது.

“தப்புன்னு தெரிஞ்சா மாத்த வேண்டியதுதானே?” என்று கேட்கலாம். முடியாது. ஒருமுறை வைத்த பெயரை மாற்றுவதில்லை என்பது யூனிகோடின் உறுதியான விதி. அந்தப் பெயரை நம்பி எங்கெங்கோ மென்பொருள்கள் இயங்கக்கூடும். ஆகவே 2006இல் பழைய பெயரை அப்படியே விட்டு, பக்கத்தில் திருத்தப் பெயர் ஒன்றைச் சேர்த்தார்கள். தெலுங்கு ழகரத்துக்கு அதிர்ஷ்டம் உண்டு. 2014இல் தாமதமாக வந்தாலும் 3124 என்ற தன் சொந்த வீட்டிலேயே குடியேறியது.

இந்தத் திருத்த முறை கல்வெட்டு அறிஞர்களுக்குப் புதிதல்ல. சிற்பி பிழையாகச் செதுக்கியிருந்தால் அதை அழிக்க மாட்டார்கள். உள்ளபடி படித்து, சரியான வடிவத்தை அடிக்குறிப்பில் தருவார்கள்.

பெயர் எதுவானால் என்ன என்று விட்டுவிடவும் முடியவில்லை. கணினி பார்ப்பது எண்ணைத்தான். ஆனால் எழுத்தைத் தேடும் மனிதர் பார்ப்பது பெயரை. பெங்களூரின் மிதிக் சொசைட்டி, நகரத்துக் கல்வெட்டுகளை முப்பரிமாணத்தில் பதிவு செய்யும் பணியை 2021இல் தொடங்கியது. அவற்றில் கன்னடமும் உண்டு, தமிழும் உண்டு. பழங்கன்னடக் கல்லில் ‘மழெ’ என்றிருப்பதை ‘மளெ’ என்று தட்டச்சு செய்துவிட்டால், பின்னால் ழகரத்தைத் தேடுபவருக்கு அந்தச் சொல் அகப்படாது. எழுத்து இருந்த சுவடே மறைந்துபோகும்.

மகளிடம் சொன்னதைத் திருத்திக்கொண்டேன். “கன்னடத்துலயும் ‘ழ’ இருந்ததும்மா. நாம இன்னும் சொல்றோம், அவங்க சொல்றத விட்டுட்டாங்க. அவ்வளவுதான்.” அவள் உடனே, “அப்போ நாமளும் ‘வாளப்பளம்’னு சொன்னா?” என்றாள். நம் வீடுகளில் அது அடிக்கடி கேட்கிற சொல்தான். எண்ணும் எழுத்துருவும் ழகரத்தின் வடிவத்தைக் காப்பாற்றும். ஒலியைக் காப்பாற்ற வேண்டியவை நம் வீட்டு நாக்குகள்.