நிறைந்த பானையும் நெருக்கடிக் காலமும்: செந்தூல் வீடுகள் கற்ற பாடம்

அரிசி தீர்ந்துவிட்டது என்று சொல்வது தமிழர் வீடுகளில் வழக்கமில்லை. பானை காலியாக இருந்தாலும் "அரிசி நிறைந்திருக்கிறது" என்றுதான் சொல்வார்கள். இல்லை என்ற சொல்லே வாயில் வரக்கூடாது என்பது முன்னோர் வகுத்த பழக்கம். மங்கலச் சொல்லாகத் தோன்றும் இதற்குப் பின்னால் பல தலைமுறைகளின் பசி இருக்கிறது.

அந்தப் பசியைக் கோலாலம்பூரில் நன்கு அறிந்த வட்டாரங்களில் ஒன்று செந்தூல். பேரங்காடியும் இருபத்து நான்கு மணி நேரக் கடையும் கூப்பிடு தூரத்தில் இருக்கும் இக்காலத்தில், வீட்டில் ஒரு மாதத்திற்குப் பொருள் வாங்கி வைப்பது பழைய காலத்துப் பாட்டிகளின் வேலை என்று இளையோர் நினைக்கலாம். ஆனால், கடந்த 80 ஆண்டுகளில் செந்தூல் மக்கள் சந்தித்த சோதனைகளை வரிசைப்படுத்திப் பார்த்தால், அந்தப் பாட்டிகள் எவ்வளவு தொலைநோக்கு உடையவர்கள் என்பது விளங்கும்.

பட்டறையும் பற்று வரவும்

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாய் ஐக்கிய மாநிலங்களின் ரயில்வே துறை தனது மத்தியப் பட்டறையைச் செந்தூலில் அமைத்தது. ரயில் இயந்திரங்களும் பெட்டிகளும் பழுது பார்க்கப்பட்ட அந்தப் பட்டறையைச் சுற்றியே செந்தூல் வளர்ந்தது. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்களும், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எழுத்தர்களும், சீக்கியர்களும், சீனர்களும், மலாய்க்காரர்களும் அங்கே வேலை செய்தனர். அவர்களுக்காக ரயில்வே குடியிருப்புகள் எழுந்தன, கடைத்தெரு எழுந்தது, கோயிலும் தேவாலயமும் பள்ளியும் எழுந்தன.

தோட்டத்துத் தமிழருக்குக் கொல்லையில் காய்கறி பயிரிட ஓரளவு நிலம் கிடைத்தது. பட்டறைத் தொழிலாளியோ நகரவாசி. அரிசி, பருப்பு, எண்ணெய், விறகு என எல்லாவற்றையும் காசு கொடுத்தே வாங்க வேண்டும். சம்பளம் வந்ததும் மளிகைக் கடைக் கணக்கைத் தீர்ப்பது, பிறகு அடுத்த மாதச் சம்பளம் வரை மீண்டும் பற்று எழுதி வாங்குவது என்பதே நடைமுறை. கையடக்கமான 555 நோட்டுப் புத்தகத்தில் கடன் எழுதும் வழக்கம் பிற்காலத்தில் நாடு முழுவதும் அறிந்த ஒன்றாயிற்று. இந்த ஏற்பாட்டில் குடும்பத்தின் சேமிப்பு பாதி வீட்டுப் பானையிலும் பாதி கடைக்காரரின் நம்பிக்கையிலும் இருந்தது. கடை மூடப்பட்டால் என்ன ஆகும் என்ற கேள்வி 1941 வரை பெரிதாக எழவில்லை.

புழுங்கலரிசி செய்த காவல்

வீட்டில் எவ்வளவு அரிசி இருக்கிறது என்பதோடு எந்த அரிசி இருக்கிறது என்பதும் முக்கியம் என்று உலகம் அறிந்துகொண்டதில் கோலாலம்பூருக்குப் பங்கு உண்டு. அக்காலத்தில் மலாயாவில் பெரிபெரி நோய் ஆயிரக்கணக்கானோரைப் பலி வாங்கிக்கொண்டிருந்தது. தீட்டிய சயாம் பச்சரிசியை உண்ட சீனச் சுரங்கத் தொழிலாளர்களை அது அதிகம் தாக்கியது. புழுங்கலரிசி உண்ட தமிழர்களை அவ்வளவாகத் தொடவில்லை. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் பிராடன் இந்த வேறுபாட்டை வலியுறுத்திக் காட்டினார்.

மருத்துவர் வில்லியம் பிளெட்சர் 1905-இல் கோலாலம்பூர் மனநல விடுதியில் இதைச் சோதித்தார். அங்கிருந்தவர்களில் ஒரு பிரிவினருக்குத் தீட்டிய பச்சரிசியும், மற்றொரு பிரிவினருக்குப் புழுங்கலரிசியும் தரப்பட்டன. பச்சரிசி உண்டவர்களிடையே நோய் பரவியது. புழுங்கலரிசி உண்டவர்கள் தப்பினர். நெல்லை அவிக்கும்போது தவிட்டில் உள்ள தயமின் என்ற உயிர்ச்சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது என்பது பின்னாளில் தெரிய வந்தது. அவித்த நெல்லின் அரிசி கடினப்படுவதால் வண்டும் எளிதில் துளைக்காது. விஞ்ஞானம் காரணம் கண்டுபிடிப்பதற்கு முன்பே தமிழ்ப் பெண்கள் இருப்பு வைக்க ஏற்ற அரிசியைத் தேர்ந்தெடுத்திருந்தனர்.

1942 ஜனவரி

1941 டிசம்பர் 8-இல் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. ஐந்து வாரங்கள்கூட ஆகவில்லை. 1942 ஜனவரி 11-இல் கோலாலம்பூர் வீழ்ந்தது. பிரிட்டிஷார் வெளியேறியதற்கும் ஜப்பானியர் நுழைந்ததற்கும் இடைப்பட்ட நாட்களில் நகரில் கேட்பார் இல்லை. கிடங்குகளும் கடைகளும் சூறையாடப்பட்டன. அரிசி மூட்டை தூக்கியவர்களும் உண்டு. எதற்கென்று தெரியாமல் கையில் கிடைத்ததைத் தூக்கியவர்களும் உண்டு.

உண்மையான ஆபத்து அதன் பிறகுதான் தொடங்கியது. மலாயா ரப்பரும் ஈயமும் விற்று அரிசி வாங்கிய நாடு. போருக்கு முன் அது உண்ட அரிசியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் கப்பலில் வந்தது. 1919-20-இல் சயாம் அரிசி ஏற்றுமதியைத் தடுத்தபோதே மலாயா திண்டாடியது. அந்த எச்சரிக்கைக்குப் பிறகும் நிலைமை அடிப்படையில் மாறவில்லை. போரினால் கப்பல் போக்குவரத்து நின்றதும் பானைகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. பர்மா அரிசி நின்றுபோனது 1943 வங்காளப் பஞ்சத்துக்கும் ஒரு காரணம். அங்கே ஏறத்தாழ 30 லட்சம் பேர் மாண்டதாக மதிப்பிடப்படுகிறது.

மரவள்ளிக் காலம்

ஜப்பானியர் அரிசியைப் பங்கீட்டு முறையில் கொடுத்தனர். சிங்கப்பூரில் ஒரு கட்டத்தில் ஓர் ஆணுக்கு மாதம் 8 கட்டி, பெண்ணுக்கு 6 கட்டி, குழந்தைக்கு 4 கட்டி என்று அளவு குறைந்தது. ஒரு கட்டி என்பது சுமார் 600 கிராம். அப்படியானால் இரும்பு தூக்கும் ஓர் ஆணுக்கு ஒரு நாளைக்கு 160 கிராம். ஒரு குவளை அரிசிகூட இல்லை. மலாயாவின் மற்ற இடங்களிலும் அரிசி அரிதாகவே இருந்தது.

அந்த இடத்தை மரவள்ளிக்கிழங்கு நிரப்பியது. வீட்டு முற்றம், ரயில் பாதை ஓரம், வெற்று நிலம் என்று எங்கும் மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் நடப்பட்டன. மரவள்ளிக்கு ஒரு சிறப்பு உண்டு: முற்றிய பிறகும் அதை உடனே தோண்ட வேண்டியதில்லை. மண்ணே களஞ்சியம். தேவைப்படும்போது தோண்டிக்கொள்ளலாம். ஆனால் அதன் கசப்பு வகைகளில் நச்சு உண்டு. தோலை நீக்கி, ஊற வைத்து, நன்றாக வேகவைக்கத் தெரியாதவர்களுக்கு ஆபத்து. இருப்பு வைக்கத் தெரிந்தால் மட்டும் போதாது, அதைப் பக்குவமாகச் சமைக்கவும் தெரிய வேண்டும் என்பது அந்தக் காலத்தின் பாடம்.

தேங்காய் எண்ணெய்க்குப் பதில் செம்பனை எண்ணெய், துணிக்குப் பதில் சாக்கு என்று எல்லாவற்றுக்கும் மாற்று தேடப்பட்டது. தீக்குச்சி, சவர்க்காரம், உப்பு, மருந்து ஆகியவை பொன்போல் பாதுகாக்கப்பட்டன. 1943-இல் சயாம் - பர்மா மரண ரயில் பாதைக்குப் பல்லாயிரம் தமிழர்கள் கொண்டு செல்லப்பட்டனர். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையில் அவர்களுள் பெரும்பகுதியினர் மாண்டனர். உழைக்கும் ஆண் போய்விட்ட வீடுகளில் பானையைக் காக்கும் பொறுப்பு முழுவதும் பெண்கள் தலையில் விழுந்தது.

பணத்தைச் சேர்த்து வைத்தவர்களின் கதை வேறு. ஜப்பானியர் அச்சிட்ட நோட்டு, அதில் இருந்த வாழை மரப் படத்தால் 'வாழைமர நோட்டு' எனப் பெயர் பெற்றது. அளவின்றி அச்சடிக்கப்பட்டதால் அதன் மதிப்பு நாளுக்கு நாள் சரிந்தது. 1945-இல் பிரிட்டிஷ் இராணுவ நிர்வாகம் திரும்பியதும் அது செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. பெட்டி நிறைய நோட்டு வைத்திருந்தவருக்கு மிஞ்சியது காகிதம். கொல்லையில் கிழங்கும் பானையில் அரிசியும் வைத்திருந்தவருக்கு மிஞ்சியது உயிர்.

செந்தூலுக்கு இன்னொரு சோதனையும் இருந்தது. ஜப்பானியருக்குப் பயன்பட்ட ரயில்வே பட்டறை, நேச நாட்டு விமானங்களுக்கு இலக்காயிற்று. 1945 பிப்ரவரியில் பி-29 விமானங்கள் பட்டறை மீது குண்டு வீசின. மார்ச் 10-ஆம் தேதி ரயில் நிலைய வட்டாரத்தின் மீது நடந்த தாக்குதலில் சிலாங்கூர் அரும்பொருளகத்தின் ஒரு பகுதியும் தகர்ந்தது. சேமித்த பொருளை விட்டுவிட்டு ஓட வேண்டிய நேரமும் வரும் என்பதை அந்தக் குண்டுகள் உணர்த்தின.

சேமிப்பே குற்றமான காலம்

போர் முடிந்தும் பங்கீடு உடனே முடியவில்லை. 1948-இல் அவசரகாலம் பிறந்தது. காட்டில் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போகாமல் தடுப்பதே அரசின் முக்கிய ஆயுதமாயிற்று. கட்டுப்பாட்டுப் பகுதிகளில் ஒரு குடும்பம் எவ்வளவு உணவு வைத்திருக்கலாம் என்பதற்கு வரம்பு விதிக்கப்பட்டது. டின் உணவு விற்கும்போதே கடைக்காரர் டின்னில் துளையிட வேண்டும். அப்போதுதான் அதை வாங்கியவர் உடனே உண்டாக வேண்டும், காட்டுக்குக் கடத்த முடியாது. சில இடங்களில் பச்சை அரிசியே கையில் கொடுக்காமல் பொதுச் சமையலறையில் சோறாக்கிக் கொடுத்தனர்.

ஒரு தலைமுறைக்குள்ளேயே இவ்வளவு முரண்பாடு! ஜப்பானியர் காலத்தில் சேமித்தவர் பிழைத்தார். அவசரகாலத்தில் சில பகுதிகளில் சேமித்தவர் சந்தேகத்துக்கு ஆளானார். 1961-இல் வந்த விநியோகக் கட்டுப்பாட்டுச் சட்டம் இன்றும் வணிகப் பதுக்கலைத் தடுக்கிறது. குடும்பத்துக்கென்று அளவாக வைப்பது சேமிப்பு. பிறர் பசியில் இலாபம் காண வைப்பது பதுக்கல். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

ஊரடங்கும் தண்ணீரும்

1969 மே 13 கலவரத்தின்போது கோலாலம்பூரில் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டது. அது தளர்த்தப்பட்ட சில மணி நேரத்தில் கடைக்குப் போய், வரிசையில் நின்று, கிடைத்ததை வாங்கித் திரும்ப வேண்டும். சற்று அமைதி திரும்பிய நிலையில் ஜூன் மாத இறுதியில் செந்தூலிலேயே மீண்டும் வன்செயல் வெடித்தது. ஆபத்து ஒருமுறை வந்து போய்விட்டது என்று எண்ணிக் கையிருப்பைத் தீர்த்துவிட்டவர்களுக்கு அது இரண்டாவது அடி. 1971 ஜனவரியில் பெருவெள்ளம் தலைநகரையே மூழ்கடித்தது.

1998-இல் வந்த பஞ்சம் வேறு வகை. எல் நினோ வறட்சியால் அணைகள் வற்றி, கிள்ளான் பள்ளத்தாக்கில் மாதக்கணக்கில் தண்ணீர் பங்கீடு நடந்தது. அரிசி இருந்தது, கழுவத் தண்ணீர் இல்லை. அண்டாவும் குடமும் வாளியும் மீண்டும் வீட்டுக்குள் வந்தன. 2014-இலும் பங்கீடு வந்தது. 2020 செப்டம்பரில் சுங்கை கோங் ஆறு மாசுபட்டதால் நீர் சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டு, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கணக்குகளுக்கு நீர் நின்றது.

அதே 2020-இல் மார்ச் 18 முதல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. அதற்கு இரண்டு நாள் முன்பு அறிவிப்பு வெளியானதும் பேரங்காடிகளில் கூட்டம் அலைமோதியது. ரொட்டியும் மெகியும் தட்டுகளிலிருந்து மறைந்தன. அவசரத்தில் வாங்குவது சேமிப்பு ஆகாது, அது பயம். 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் வெள்ளம் புகுந்தபோது, மேல்மாடியிலும் கூரையிலும் தவித்தவர்கள் பலர். கீழ்த்தளச் சமையலறையில் வைத்த பொருள் அத்தகைய நேரத்தில் உதவாது. எவ்வளவு வைப்பது என்பதைப் போலவே எங்கே வைப்பது என்பதும் கேள்விதான்.

வாங்க முடியாதவர் என்ன செய்வார்?

'சேமித்து வையுங்கள்' என்று சொல்வது எளிது. நாள்கூலி வாங்குபவர் எதை வைத்துச் சேமிப்பார்? 2021 ஜூலையில் உதவி வேண்டியவர்கள் வீட்டு வாசலில் வெள்ளைக் கொடி கட்டினர். கேட்கக் கூச்சப்பட்டவருக்கு அந்தத் துணி வாயாக இருந்தது. அக்கம்பக்கத்தார் அரிசியும் பருப்பும் கொண்டுபோய்க் கொடுத்தனர். ஒரு வீட்டின் இருப்பு அடுத்த வீட்டையும் காக்கும்போதுதான் அது முழுமை பெறுகிறது.

நாட்டின் பெரிய பானையும் இன்னும் முழுதாக நிறையவில்லை. 2023 ஜூலை 20-இல் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியைத் தடை செய்தது. செப்டம்பரில் மலேசியாவில் இறக்குமதி அரிசி விலை ஏறியது. மலிவான உள்நாட்டு அரிசியும் கடைகளில் கிடைப்பது அரிதாயிற்று. 1919-இல் சயாம் கற்பித்த அதே பாடம், நூறு ஆண்டு கழித்தும்!

வளர்ந்த நாடுகள் இதை வெட்கமாக நினைப்பதில்லை. சுவீடன் 2018-இல் போரோ நெருக்கடியோ வந்தால் என்ன செய்வது என்ற கையேட்டை வீடுதோறும் அனுப்பியது. ஐரோப்பிய ஒன்றியம் 2025-இல் ஒவ்வொரு குடும்பமும் குறைந்தது 72 மணி நேரத்துக்கான பொருளை வைத்திருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டது.

செந்தூல் வீட்டுக்கு இது புதிய பாடமல்ல. ஆளுக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டர் வீதம் சில நாட்களுக்குத் தண்ணீர். சில வாரங்களுக்கு அரிசி, பருப்பு, உப்பு. நெத்திலி, கருவாடு, ஊறுகாய். அன்றாடம் உட்கொள்ளும் மருந்து. மெழுகுவத்தி, தீப்பெட்டி, கைவிளக்கு. நனையாத உறையில் அடையாளக் கார்டும் பிறப்புப் பத்திரமும். ஒரே நாளில் வாங்க வேண்டியதில்லை. ஒவ்வொரு மாதமும் ஒரு கிலோ கூடுதலாக வாங்கி, பழையதை முதலில் சமைத்து, புதியதைப் பின்னால் வைத்தால் போதும். நெருக்கடி சொல்லிக்கொண்டு வருவதில்லை. அது வரும்போது "அரிசி நிறைந்திருக்கிறது" என்ற சொல் மங்கல வார்த்தையாக மட்டுமின்றி, உண்மையாகவும் இருக்கட்டும்.